இல்லக் கல்வியும் இலங்கைச் சட்டமும்: கல்முனைக் கரையோரப் பெற்றோர் சிந்தனைக்கு

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்துக் கற்பிப்பதற்குச் சட்டம் இடந்தருமா என்னும் வினா, மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் ஈறாகத் தொடரும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே சில பெற்றோரின் உள்ளத்தில் இடம்பிடித்துள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபொழுதும், அவ்வாண்டின் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாகக் கொண்டு பரவிய தொற்றினால் இக்கரையோரத்தின் பல பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டபொழுதும், பின்னர் 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் வகுப்புகள் தடைப்பட்டபொழுதும், தாயும் தந்தையும் விரும்பியோ விரும்பாமலோ ஆசிரியர் ஸ்தானத்தில் அமர்ந்தனர். அவ்வனுபவம் சிலருக்குப் பாடசாலையின் அருமையை உணர்த்திற்று. வேறு சிலருக்கோ, தம் பிள்ளை வீட்டிலே நன்றாகக் கற்கிறது என்னும் நம்பிக்கையை அளித்தது.

இவ்வாறு எண்ணும் பெற்றோரின் நோக்கங்கள் ஒரே தன்மையன அல்ல. மகனைத் திருக்குர்ஆன் மனனம் செய்த ஹாபிழாக ஆக்க விரும்பி, ஹிப்ழ் முடியும் வரையில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பாடசாலைக் கல்வியை நிறுத்திவைக்க நினைப்போர் உளர். பேச்சிலோ புலன்களிலோ அறிவு வளர்ச்சியிலோ விசேட தேவையுடைய பிள்ளை, நாற்பது பேர் நிறைந்த வகுப்பில் ஒரு மூலையில் அமர்ந்து நாளைக் கழிப்பதைக் கண்டு மனம் நொந்தோர் உளர். பிரம்படிக்கு அஞ்சிப் பிள்ளை பாடசாலை என்ற சொல்லைக் கேட்டாலே அழுவதைக் காண்போரும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பொருட்டு எட்டு வயதிலேயே தொடங்கிவிடும் டியூசன் ஓட்டத்தை வெறுப்போரும் உளர். இவர்களுள் எவரையும் ஏளனமாகவோ ஐயத்துடனோ நோக்குதல் நியாயமாகாது. ஆயினும் நோக்கம் எவ்வளவு தூயதாயினும், அது சட்டத்தின் முன் எவ்வாறு நிற்கும் என்பதையும், அதனாற் பிள்ளையின் எதிர்காலத்தில் எவ்வாயில்கள் திறக்கும், எவை அடைபடும் என்பதையும் முன்கூட்டியே ஆராய்ந்து தெளிதல் பெற்றோரின் முதற் கடமையாகும். இலங்கைச் சட்டம் இல்லக் கல்வியைத் தடை செய்யவுமில்லை, பெற்றோரின் தனியுரிமையாகப் பிரகடனம் செய்யவுமில்லை. பிள்ளைக்குரிய ஓர் உரிமையைப் பாடசாலைக்கு வெளியேயும் நிறைவேற்றலாம் என்று பெற்றோரை நம்பி ஒரு விலக்கினை அளித்திருக்கிறது. அந்நம்பிக்கைக்கு ஏற்ப நடப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

ஊரின் கல்விச் சம்பிரதாயம்

வீட்டிலிருந்து கற்பிக்கும் வழக்கம் இவ்வூர்களுக்குப் புதியதன்று. அரசாங்கப் பாடசாலைகள் பரவுமுன் லெப்பைமாரின் வீட்டு முன்றில்களிலும் பள்ளிவாசலை அடுத்த ஓதற் பள்ளிகளிலும் குர்ஆன் ஓதலும் மார்க்கக் கடமைகளும் கற்பிக்கப்பட்டன. தமிழை அறபு எழுத்தில் வடித்த அறபுத்தமிழ் வாயிலாக எழுத்தறிவு பெற்றோர் அக்காலத்தில் ஆடவரிலும் பெண்டிரிலும் இருந்தனர். ஆனால் அக்கல்வி மறுமைக்கு வழிகாட்டிய அளவுக்கு இம்மையின் உத்தியோகங்களுக்கும் நிருவாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வழிகாட்டவில்லை. காலனித்துவ ஆட்சியில் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிசனரிகளின் கையில் இருந்தமையால், மதமாற்றத்துக்கு அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் தம் பிள்ளைகளை அப்பாடசாலைகளுக்கு அனுப்பாது விட்டனர். அவ்வச்சத்துக்குக் காரணம் இருந்தது; எனினும் அதற்காகச் சமூகம் செலுத்திய விலை மிகப் பெரிது.

இந்நிலையைக் கண்டு வருந்தியவருள் முதன்மையானவர், 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கிய கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை ஆவார். மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் ஒருங்கே அளிக்கும் முஸ்லிம் பாடசாலைகள் தோன்றவேண்டும் என்பதும், பெண்கள் கல்வியிலிருந்து விலக்கப்படலாகாது என்பதும் அவர் இடைவிடாது வற்புறுத்திய கருத்துக்களாகும். அவருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், இரண்டாம் உலகப் போரின் உணவு நெருக்கடியை முன்னிட்டு 1942ஆம் ஆண்டில் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்ட ஏ. எம். ஏ. அஸீஸ், நெற்செய்கையைப் பெருக்க வந்த இடத்தில், செழித்த வயல்களினூடே கல்வியில் மெலிந்த ஒரு சமூகத்தைக் கண்டார். அறிவுத்திறன் இருந்தும் வறுமையினால் மேற்படிப்புக்குச் செல்ல இயலாத இளைஞரின் நிலை அவர் உள்ளத்தைத் தொட்டது. 1945ஆம் ஆண்டில் அவர் முன்னின்று நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தின் வித்து இக்கரையோரத்திலேயே விழுந்தது. அதே 1945ஆம் ஆண்டில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இன்று கல்முனையில் ஸாஹிறாக் கல்லூரியும் மஹ்மூத் மகளிர் கல்லூரியும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் நிற்கின்றன என்றால், அவை இரண்டு மூன்று தலைமுறையினரின் கண்ணீராலும் உழைப்பாலும் விளைந்தவை. பாடசாலையை விட்டு வீட்டுக்குத் திரும்ப எண்ணும் பெற்றோர் இச்சரித்திரத்தை மறந்துவிட்டுத் தீர்மானம் செய்தலாகாது.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கையில் கட்டாயக் கல்விக்கு ஆதாரமாயிருப்பது 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் ஆக்கப்பட்டு, 1997ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதிவிசேட வர்த்தமானியில் வெளியாகி, 1998ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, ஐந்து வயதுக்குக் குறையாததும் பதினான்கு வயதுக்கு மேற்படாததுமான ஒவ்வொரு பிள்ளையையும் பாடசாலைக்குச் செல்லச் செய்தல் பெற்றோரின் கடமை என விதித்தது. 2016ஆம் ஆண்டில் அவ்வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. பின்னர் 2021ஆம் ஆண்டில் பிள்ளைகளை வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயதும் பதினாறாக்கப்பட்டமையால், கற்கவேண்டிய வயதும் உழைக்கலாகாத வயதும் சட்டத்தில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன.

இவ்விதியில் இல்லக் கல்வியை நாடுவோர் ஊன்றிக் கவனிக்கவேண்டியது, கடமையை விதித்த அதே வாசகத்தோடு இணைந்து நிற்கும் விலக்காகும். பிள்ளையின் கல்விக்குப் போதுமானதும் பொருத்தமானதுமான ஏற்பாட்டைப் பெற்றோர் செய்திருந்தாலன்றி அதனைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும் என்பதே அதன் கருத்து. அதாவது, சட்டம் கட்டாயமாக்குவது கல்வியை. பாடசாலை அதற்குரிய சாதாரண வழி. வேறொரு வழியினால் அக்கல்வியை அளிக்கும் பெற்றோர் சட்டத்தை மீறியவராக மாட்டார். இத்தகைய விலக்கு நமக்கு ஆங்கிலச் சட்ட மரபின் வழியாக வந்தது. இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டத்திலேயே, வேறு வகையில் திறம்படக் கற்பிக்கப்படும் பிள்ளை பாடசாலைக்கு வராதிருத்தற்கு அது நியாயமான காரணமாகும் எனக் கூறப்பட்டிருந்தது.

ஆயினும் இவ்விலக்கினை எவர் எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுவது என்பதற்கு விரிவான விதிகளோ, இல்லக் கல்வியைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டமோ இலங்கையில் இயற்றப்படவில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் பாடசாலை வரவுக் குழுக்களும், அவற்றின் மேல் கண்காணிப்புக் குழுக்களும் அமைக்கப்படவேண்டும் என்பது ஒழுங்குவிதியின் ஏற்பாடு; பாடசாலை செல்லாத பிள்ளைகளைக் கண்டறிந்து மீளச் சேர்ப்பித்தலே அவற்றின் பிரதான பணி. ஆகவே வீட்டிலே கற்கும் பிள்ளையும் வறுமையாலோ புறக்கணிப்பாலோ இடைவிலகிய பிள்ளையும் அக்குழுவின் பார்வைக்கு முதலில் ஒன்றாகவே தோன்றும். அவ்விரண்டுக்குமுள்ள பேதத்தைக் காட்டவேண்டிய பொறுப்பு பெற்றோரையே சாரும். வழக்கு நீதவான் முன் வருமாயினும் இதுவே நிலை எனக் கொள்ளலாம். ஏனெனில் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சட்டம் தரும் விலக்கொன்றைத் தமக்கு ஆதாரமாகக் கொள்வோரே அதற்குரிய நிலைமைகளை நிரூபித்தல் வேண்டும் என்று விதிக்கிறது.

அரசியலமைப்பை நோக்கின், 27ஆம் உறுப்புரையின் 2ஆம் பந்தி எழுத்தறிவின்மையை முற்றாக ஒழித்தலையும், கல்வியின் எல்லா நிலைகளிலும் யாவருக்கும் சமமான வாய்ப்பை உறுதிசெய்தலையும் அரசின் கொள்கையாக வகுக்கிறது. அது நேரடியாக வழக்கிடத்தக்கதன்று என 29ஆம் உறுப்புரை கூறினும், 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையோடு சேர்த்து நீதிமன்றங்கள் அதற்கு உயிர் கொடுக்கக்கூடும். சமயத்தைப் போதித்தலையும் அனுட்டித்தலையும் 14ஆம் உறுப்புரை பாதுகாக்கிறது. 1980ஆம் ஆண்டில் இலங்கை இணைந்துகொண்ட இரு சர்வதேச உடன்படிக்கைகளும், தம் நம்பிக்கைக்கிணங்கப் பிள்ளைகளுக்குச் சமய, ஒழுக்கக் கல்வியளிக்கும் பெற்றோரின் சுதந்திரத்தை அங்கீகரிக்கின்றன. அதே வேளையில், 1991ஆம் ஆண்டில் இலங்கை ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயம், கல்வியுரிமை பிள்ளைக்கே உரியது என்றும், பிள்ளையின் அபிப்பிராயம் அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவேண்டும் என்றும் கூறுகிறது. பெற்றோரின் சுதந்திரமும் பிள்ளையின் உரிமையும் முரண்படும் இடத்தில், முன்னது பின்னதற்குத் துணையாக இருத்தலே தர்மம்.

போதுமானதும் பொருத்தமானதும்

நம் நாட்டு விதிகள் விரித்துரைக்காத இவ்வளவுகோலைத் தெளிய வேறு தேசங்களின் தீர்ப்புகள் உதவும். அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா எனினும் சிந்தனைக்கு ஒளி தரும். இவற்றுள் கல்முனை போன்ற சமயப் பற்றுமிக்க ஊர்களுக்கு மிகவும் ஏற்றது, 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்து மேல் நீதிமன்றத்தில் நீதியரசர் வூல்ஃப் அளித்த தீர்ப்பாகும். ஹஸிதிய யூத சமூகத்தினர் நடத்திய ஒரு பாடசாலையைப் பற்றிய அவ்வழக்கில், பிள்ளைக்கு அளிக்கப்படும் கல்வி அது பிறந்த சமூகத்தின் வாழ்க்கைக்கு அதனை முதன்மையாக ஆயத்தப்படுத்தினாலே பொருத்தமானதாகலாம் என்றும், ஆனால் வளர்ந்தபின் அப்பிள்ளை வேறு வாழ்க்கை முறையைத் தெரிந்துகொள்ள விரும்பின் அதற்குரிய வழியை அக்கல்வி அடைத்துவிடலாகாது என்றும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் சுயமரியாதையையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் ஒருசேரக் காக்கும் இவ்வளவுகோலினும் சிறந்த ஒன்றைக் காண்பது அரிது.

1972ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ சமூகத்தினர் எட்டாம் வகுப்புக்குப் பின் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாதிருக்க அனுமதித்தது. ஆயினும் அத்தீர்ப்பில் ஓரளவு மாறுபட்ட நீதியரசர் டக்ளஸ், பெற்றோரை மட்டும் கேட்டுப் பிள்ளையைக் கேளாதிருத்தல் தகாது என்று சுட்டிக்காட்டினார். மறுபுறத்தில் ஜெர்மனி இல்லக் கல்விக்கு ஏறத்தாழ முழுமையாகவே இடமளிப்பதில்லை. பல்வகை மக்களும் ஒரே வகுப்பில் கலந்து பழகுதல் சமுதாய ஒற்றுமைக்கு இன்றியமையாதது என்னும் அதன் வாதத்தை, 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளத்தக்கதாகவே கண்டது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தும், பாடசாலைகள் பெரும்பாலும் சமூகத்துக்கொன்றாகப் பிரிந்து நிற்கும் நம் கரையோரத்தில், இவ்வாதத்தையும் அலட்சியம் செய்தலாகாது.

பெற்றோர் முன்னுள்ள வழிகள்

முதல் வழி, பாடசாலையினுள்ளேயே பரிகாரம் தேடுதல். பிள்ளை தண்டிக்கப்படுகிறது என்பதே காரணமாயின், ஆசிரியர் அறைந்ததனால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என 2021ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். விசேட தேவையே காரணமாயின், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தை மட்டும் முன்னிட்டு எவருக்கும் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கப்படலாகாது எனக் கூறுகிறது. விசேட கல்வி அலகுள்ள பாடசாலைக்கு மாற்றம் கோருவதும் ஒரு வழி. பிள்ளைக்குரிய உரிமையைக் கேட்டுப் பெறுமுன் அதைக் கைவிட்டு வெளியேறுவது பலசமயங்களில் அவசரத் தீர்மானமாகும்.

இரண்டாவது, பாடசாலையையும் ஹிப்ழையும் இணைத்தல். அதிகாலையிலும் மாலையிலும் மனனத்தையும், இடைப்பட்ட நேரத்தில் பாடசாலையையும் அமைத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் பல இடங்களில் உண்டு. முழுநேர அறபுக் கல்லூரியில் சேர்ப்பதாயின், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் அது பதிவு செய்யப்பட்டிருப்பது மட்டும் கட்டாயக் கல்விக் கடமையை நிறைவேற்றியதாகாது. அங்கே பொதுப் பாடங்களும் போதிக்கப்படுகின்றனவா, மாணவர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனரா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தில், மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் விலக்கும் திருத்தம் 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. நம் ஒழுங்குவிதியிலோ சமய நிறுவனங்களுக்கு அத்தகைய தனி விலக்கு இல்லை. இங்கே எவரும் போதுமை, பொருத்தம் என்னும் அதே வாயிலின் வழியாகவே செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலைத் திட்டம், கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவு ஆகியவற்றின் துணையை நாடுதல். முறையான பாடசாலையைத் தொடர இயலாதவர்களுக்கென அமைந்த இவ்வழிகள், அரசின் கண்முன்னே நிகழ்வன ஆதலால் பெற்றோருக்கு அரணாகவும் அமையும்.

நான்காவதே முழுமையான இல்லக் கல்வி. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தம் பிள்ளைகளைத் தாமே கற்பிப்பது ஒன்று. அயல்வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து, ஆசிரியை ஒருவரை அமர்த்தி, நாள்தோறும் வகுப்பு நடத்துவது மற்றொன்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் தனியார் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபொழுது இயற்றப்பட்ட சட்டங்கள், ஐந்து முதல் பதினான்கு வயதினருக்குப் புதிய பாடசாலைகளைத் தனியார் தொடங்குவதைத் தடுத்தன. சர்வதேசப் பாடசாலைகள் பின்னாளில் கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றே தோன்றின. ஆகவே நல்லெண்ணத்தோடு கூடிய சில குடும்பங்களின் கூட்டு முயற்சி, பதிவற்ற பாடசாலையாகக் கருதப்படும் அபாயம் உண்டு. அத்தகைய முயற்சியில் இறங்குமுன் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுதல் விவேகமாகும்.

தொடங்கும் முறை

சட்டம் படிவமொன்றை வகுக்காத இடத்தில், வெளிப்படையாக நடப்பதே சிறந்த பாதுகாப்பு. பிள்ளை ஏற்கெனவே பாடசாலையில் சேர்ந்திருப்பின், சொல்லாமல் நிறுத்திவிடாது, அதிபரிடம் எழுத்தில் அறிவித்து விடுகைப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். பின்னாளில் மீண்டும் சேர்ப்பதற்கும் அதுவே முதல் ஆவணம். அடுத்து, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகியவற்றுள் தமக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, ஒழுங்குவிதியின் விலக்கைக் குறிப்பிட்டு, யார் கற்பிக்கப்போகிறார், அவரது கல்வித் தகைமை யாது, என்னென்ன பாடங்கள், எம்மொழியில், வாரத்தில் எத்தனை மணித்தியாலம், முன்னேற்றம் எவ்வாறு மதிப்பிடப்படும், எப்பரீட்சையை நோக்கிப் பிள்ளை ஆயத்தமாகிறது என்பனவற்றை விவரிக்கும் கடிதமொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பிரதிகளைக் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுத்தல் நலம். கிராம உத்தியோகத்தரோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோ விசாரித்து வந்தால், அவரைப் பகைவராகக் கருதாது உபசரித்து, பிள்ளையின் கொப்பிகளையும் நூல்களையும் காட்டுதல் வேண்டும். அவர் தேடி வருவது துன்புறும் பிள்ளைகளை; அத்தேடல் இல்லாத ஊரில் எந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை.

நாட்குறிப்பு, பிள்ளையின் எழுத்துப் பயிற்சிகள், தவணைதோறும் நடத்திய தேர்வின் விடைத்தாள்கள், வாசித்த நூல்களின் பட்டியல், மருத்துவச் சான்றுகள் ஆகியவற்றைத் திகதியிட்டுச் சேகரித்து வைப்பதே நிரூபணத்துக்குரிய சாதனம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களைத் தமிழில் இணையத்திலிருந்து பெறலாம். அவற்றைத் தழுவிக் கற்பித்தால், போதுமை பற்றிய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வலய அலுவலகம் எவ்வளவுகோலைக் கைக்கொள்கிறது என அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்கப்படவேண்டும். நியாயமற்ற தீர்மானத்தால் பாதிக்கப்பட்டதாகக் கருதின், கல்முனையிலே பிராந்திய அலுவலகத்தைக் கொண்டுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதமே அவகாசம் தருகிறது. எனினும் அம்மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருப்பின், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அவ்வவகாசத்திற் கணக்கிடப்படாது.

பரீட்சையும் எதிர்காலமும்

இல்லக் கல்வியின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் பதினாறு வயதில் வெளிப்படும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்குத் தோற்றும் வழி நம் நாட்டில் உண்டு. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறு கட்டாயப் பாடங்களும் தெரிவுக்குரிய மூன்று பாடங்களும் உள. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் உயர்தர வகுப்புக்குச் சாதாரணமாக வேண்டப்படுவன. இஸ்லாமையும் தமிழையும் மட்டும் நன்கு கற்பித்து, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைக்கும் பெற்றோர், பிள்ளையின் கதவுகளைத் தாமே அடைக்கின்றனர். பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிவித்தலில் செய்முறைப் பரீட்சையுள்ள பாடங்களுக்கான நிபந்தனைகளையும், விண்ணப்ப முடிவுத் திகதியையும் தவறாது கவனித்தல் வேண்டும். பாடசாலை மாணவருக்கு அதிபர் மூலம் கிடைக்கும் தேசிய அடையாள அட்டையை, பதினைந்து வயது நிறைந்தவுடன் கிராம உத்தியோகத்தர் வாயிலாகப் பெற முயலவேண்டும்.

எடெக்செல், கேம்பிரிட்ஜ் முதலிய வெளிநாட்டுப் பரீட்சைகளை நாடுவோர் இன்னொன்றைச் சிந்திக்கவேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதியில் ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் வழங்கப்படுகிறது. அம்பாறை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. உள்நாட்டு உயர்தரப் பரீட்சையைக் கைவிடும் பிள்ளை இவ்வனுகூலத்தையும் கைவிடுகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், இலவசப் பாடநூல், சீருடை, ஆய்வுகூடம், விளையாட்டு மைதானம் ஆகியன பாடசாலை மாணவருக்கே உரியவை என்பதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். வழி தவறியோருக்குத் திறந்த பல்கலைக்கழகம் ஒரு புகலிடமாக உள்ளது. மட்டக்களப்பில் அதன் பிராந்திய நிலையம் உண்டு. ஆனால் புகலிடத்தை நம்பி வழியைத் தவறவிடுதல் புத்திசாலித்தனமாகாது.

பெண் பிள்ளைகள்

இறுதியாக, மனம் திறந்து பேசவேண்டிய ஒரு விஷயம் உளது. இல்லக் கல்வி என்னும் பெயர், பெண் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துவதற்குத் திரையாக ஒருபோதும் பயன்படலாகாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குத் திட்டவட்டமான குறைந்தபட்ச வயதை விதிக்காது, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமணத்துக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் கூறுவதால், பாடசாலையே பல பெண் பிள்ளைகளின் பிள்ளைப் பருவத்துக்கு நடைமுறைக் காவலாக இருந்து வந்திருக்கிறது. பூப்படைந்த மகளை வீட்டில் வைத்துச் சமையலும் தையலும் தம்பி தங்கையரைப் பராமரித்தலும் பழக்கிவிட்டு, அதனை இல்லக் கல்வி என்று சொல்வது சட்டத்தின் முன்னும் இறைவன் முன்னும் நிற்காது. அறிவைத் தேடுதல் முஸ்லிம்கள் யாவர்மீதும் கடமை என்று மேடைதோறும் முழங்கும் சமூகம், அக்கடமையில் பெண்ணை விலக்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொள்ள இயலாது. மகனுக்கு எப்பாடங்கள், எத்தனை மணித்தியாலம், எப்பரீட்சை எனத் திட்டமிடும் வாப்பாவும் உம்மாவும் மகளுக்கும் அதையே திட்டமிடுவார்களாயின், அவர்களின் இல்லக் கல்வி உண்மையானது என நம்பலாம்.

செய்யத்தக்கவை

இவ்வாராய்ச்சியினின்று பெறப்படும் முடிவு இதுவாகும்: இலங்கையில் இல்லக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டு நடத்தத்தக்கதே, ஆனால் அதனைத் தாங்கி நிற்பது ஒரேயொரு விலக்கு. அவ்விலக்கின் பொருளை அதிகாரிகள் ஊருக்கு ஊர் மாற்றிக் கொள்ளாதிருக்க, கல்வி அமைச்சு அறிவித்தற் படிவத்தையும், ஆண்டுக்கொருமுறை செய்யத்தக்க எளிய மதிப்பீட்டையும், மீளப் பாடசாலையிற் சேர்வதற்கான வழியையும் வகுத்துச் சுற்றறிக்கையாக வெளியிடுதல் வேண்டும். அதுவரையில், வலயக் கல்வி அலுவலகங்களும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் ஊர் வழக்கறிஞரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கூடி, இவ்வழியை எண்ணும் குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்கும் ஏற்பாட்டைச் செய்யலாம்; கற்றோர் நிறைந்த கல்முனைக்கும் மருதமுனைக்கும் சம்மாந்துறைக்கும் இது பாரமான பணியன்று.

பெற்றோருக்கோ ஒரு நியமம் போதும். பதினாறு வயதில் நம் பிள்ளை தானே எழுந்து நின்று, மௌலவியாவதா, மருத்துவராவதா, வயலும் கடலும் தரும் தொழிலை மேற்கொள்வதா எனத் தெரிவு செய்யும் நிலையில் இருக்குமா என்று தொடங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளட்டும். ஆம் எனத் துணிந்து விடைகூறத்தக்க ஏற்பாட்டைச் செய்தோருக்குச் சட்டம் தடையாக நிற்கவில்லை. அவ்வாறு கூற இயலாதோர், எத்துணை அன்புடையவராயினும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, மாலையிலே தம் அருகில் இருத்திக் கற்பிப்பதே அப்பிள்ளைக்குச் செய்யும் நீதியாகும்.